மே மாதக் கடற்கரைப் பயணம்: பத்துப் பேருக்குத் தங்குமிடமும் மீன் சாப்பாடும்

திருநகர்க்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் வசிக்கிறேன். வருகிற மே மாதம் இரண்டாவது வாரத்தில், மூன்று இரவும் நான்கு பகலுமாகக் குடும்பத்தோடு கடற்கரைப் பக்கம் போய் வர எண்ணியிருக்கிறோம். ஆட்கள் மொத்தம் பத்துப் பேர்: 73 வயதான அப்பா, 68 வயதான அம்மா, நானும் என் மனைவியும், எங்கள் பிள்ளைகள் இருவர், தங்கையும் மாப்பிள்ளையும், அவர்களுடைய ஐந்து வயது மகன், தங்கையின் மாமியார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருப்பதுதான் சிக்கல். திருச்செந்தூரில் பேரனுக்கு முடியிறக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அப்பாவுக்கோ கடலோரத்திலேயே உட்கார்ந்து அன்று பிடித்த வஞ்சிரத்தை வறுத்துச் சாப்பிட வேண்டும்; மதுரையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதை அவர் மீன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளைகள் அலையில் ஆட வேண்டும். தங்கையின் மாமியார் பல ஆண்டுகளாகக் கவுச்சி தொடுவதில்லை. பக்கத்து மேசையில் மீன் வறுவல் வந்தாலே இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

முதல் இரவு தூத்துக்குடி, இரண்டாம் இரவு திருச்செந்தூர், மூன்றாம் நாள் மணப்பாடும் உவரியும் பார்த்துவிட்டு அன்றிரவு கன்னியாகுமரி, மறுநாள் நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக வீடு திரும்புவது என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வேன் பேசியாயிற்று. மூன்று இரவும் மூன்று ஊரில் தங்குவது சரியா, ஓரிடத்தில் தங்கிக்கொண்டு சுற்றுவது நல்லதா? மேலும், மே மாதத்தில் அந்தப் பக்கம் மீனே கிடைக்காது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லி என் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. போய் வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முத்துநகர் மகள் எழுதியது:

தம்பி, நான் தூத்துக்குடியில் பிறந்து மதுரைக் கீழவாசலில் வாழ்க்கைப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் அலுவலக நண்பர் சொன்னது பாதி உண்மை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அது மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆனால் வள்ளமும் நாட்டுப்படகும் வழக்கம்போல் போகின்றன. ஆகவே மீன் இல்லாமல் போய்விடாது. பெரிய மீன்தான் குறைந்துவிடும், வருகிற கொஞ்சமும் ஆனை விலை விற்கும். தடைக்காலத்தில் தட்டு நிறைய வஞ்சிரத் துண்டு போட்டு மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால், அது எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று யோசிக்க வேண்டும். மதுரையில் உங்கள் அப்பா எதை மீன் இல்லை என்று தள்ளுகிறாரோ, அதையே நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் அதிக விலைக்குத் தின்று வருவானேன்?

அவரை வஞ்சிரத்திலிருந்து மெல்லச் சாளைக்குத் திருப்புங்கள். சாளை, நெத்திலி, நகரை, கணவாய், நண்டு ஆகியவை கரையை ஒட்டித் தொழில் செய்பவர்களிடம் அன்றன்றைக்குக் கிடைப்பவை. உணவகத்தில் நுழைந்ததும் "என்ன மீன் இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், எல்லாம் இருக்கிறது என்பார்கள். "இன்று காலையில் வந்தது எது?" என்று கேளுங்கள். சமைக்காத மீனைக் காட்டச் சொல்லலாம், தவறில்லை. செவுள் சிவந்திருக்க வேண்டும், கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் அமுங்கிய சதை திரும்பி எழ வேண்டும்.

குழம்பைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். மதுரையில் நாம் அயிரை மீன் குழம்புக்கு நல்லெண்ணெய் மிதக்க மிதக்க, புளி தூக்கலாக வைத்துப் பழகிவிட்டோம். எங்கள் ஊரில் தேங்காயும் சின்ன வெங்காயமும் சீரகமும் சேர்த்து மைய அரைத்துப் புளிக்கரைசலில் கொதிக்க விடுவார்கள். நிறம் வெளுத்து, காரம் அடங்கியிருக்கும். முதல் கவளத்தில் "என்ன இது, சப்பென்று இருக்கிறதே" என்று தோன்றும். நான் மதுரைக்கு மருமகளாக வந்த புதிதில் என் மாமியாரும் அதையேதான் சொன்னார். இரண்டாவது முறை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிள்ளைகளுக்கு இரவில் பொரித்த பரோட்டாவும் சால்னாவும் போதும். சம்பந்தி அம்மாவுக்குச் சைவ உணவகம் தூத்துக்குடியில் தாராளமாக உண்டு. தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி கிடைத்தால் விடாதீர்கள், அது திருநெல்வேலிச் சீமைக்கே உரிய சைவப் பண்டம். ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். தூத்துக்குடி மக்ரூன் என்று ஆசையாக வாங்கி அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். முந்திரி, சீனி ஆகியவற்றோடு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து அடித்துச் செய்வது அது. பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று சைவம் போலவே இருக்கும். என் நாத்தனார் ஒருத்தி விரத நாளில் நான்கைத் தின்றுவிட்டு, பிறகு விவரம் தெரிந்து என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

தங்குவதைப் பொறுத்தவரை, மூன்று இரவுக்கு மூன்று ஊர் வேண்டவே வேண்டாம். பத்துப் பேர் மூட்டை கட்டி, குளித்து, கணக்கு முடித்து வேனில் ஏறுவதற்குள் ஒவ்வொரு காலையிலும் பத்து மணி ஆகிவிடும். மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் கடற்கரையில் என்ன இருக்கிறது? தூத்துக்குடியில் இரண்டு இரவு தங்குங்கள். ஊர் பெரியது, மருத்துவமனை உண்டு, எல்லா வகைச் சாப்பாடும் உண்டு. திருச்செந்தூர் 40 கிலோமீட்டர்தான், மணப்பாடு அங்கிருந்து இன்னும் ஒரு 18 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

ஒத்தக்கடை ஓட்டுநர் எழுதியது:

வேன் ஓட்டுவது என் தொழில். இந்த வழியில் எத்தனை குடும்பங்களை அழைத்துப் போயிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. மேலே அம்மா சொன்னவற்றில் மீன் விவரம் முழுவதும் சரி. தூத்துக்குடியில் இரண்டு இரவு என்பதை மட்டும் மறுக்கிறேன்.

முடியிறக்கும் வேண்டுதல் இருக்கிறதென்றால் திருச்செந்தூரில்தான் தங்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு, பழையகாயல், ஆத்தூர், காயல்பட்டினம் என்று ஊர் ஊராகக் கடந்து போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். மொட்டைத் தலையோடு ஐந்து வயதுப் பிள்ளை, சுடுகிற மணல், முழங்கால் வலிக்காரர், நீண்ட வரிசை என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் வேண்டுதல் தண்டனை ஆகிவிடும். கோயிலுக்கு அருகில் தங்கினால் விடியற்காலையிலேயே முடியிறக்கி, கடலில் தலை நனைத்து, தரிசனத்தையும் முடித்துக்கொண்டு, வெயிலுக்கு முன் அறைக்குத் திரும்பிவிடலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்து கைப்பேசிக்கும் உள்ளே அனுமதி இல்லை. ஆகவே கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வள்ளி குகையில் குனிந்து போக வேண்டும், நாழிக்கிணற்றுக்குப் படி இறங்க வேண்டும். அம்மாவை இரண்டுக்கும் அழைத்துப் போகாதீர்கள், நாழிக்கிணற்றுத் தண்ணீரை யாராவது கொண்டுவந்து தெளித்தால் போதும்.

நாள் பார்ப்பது மிக முக்கியம். சனி, ஞாயிறு வேண்டாம். பௌர்ணமி வேண்டவே வேண்டாம்; பௌர்ணமி இரவில் கடற்கரையில் தங்கினால் நல்லது என்ற நம்பிக்கை அண்மைக் காலமாகப் பரவி, அன்றைக்கு மணலில் கால் வைக்க இடம் இருப்பதில்லை. வைகாசி விசாகம் எப்போது வருகிறது என்று நாட்காட்டியைப் பாருங்கள். அதற்கு முந்திய சில நாட்களில் சாலை முழுவதும் பாதயாத்திரைக் கூட்டமாக இருக்கும்.

விடுதியில் கேட்க வேண்டியவற்றைப் பலரும் கேட்பதில்லை. தரைத்தளத்தில் அறை உண்டா, மின்தூக்கி உண்டு என்றால் அது ஓடுகிறதா, மேல்நாட்டுக் கழிப்பறையா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, வாடகை 24 மணி நேரக் கணக்கா அல்லது மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். விடியற்காலையில் போய் இறங்கும் குடும்பத்துக்குக் கடைசிக் கேள்விதான் பணத்தை மிச்சப்படுத்தும். குழாயில் உப்புத்தண்ணீர்தான் வரும், சோப்பு நுரைக்காது. குழந்தையைக் கடைசியாகக் குளிப்பாட்ட ஒரு குடம் நல்ல தண்ணீர் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் இனத்துக்காரனுக்காகச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஓட்டுநர் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். கொசுக்கடியில் வண்டிக்குள் கிடந்துவிட்டு மறுநாள் பத்து உயிரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவனின் கண் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

வழி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு நல்ல சாலை. காலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள்.

பரமக்குடிவாசி எழுதியது:

எல்லோரும் தெற்கேயே போகிறீர்களே, இராமேசுவரம் என்ன பாவம் செய்தது? மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். இரயிலிலும் போகலாம். 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கப்பட்டுக் கப்பலுக்கு வழிவிடும். 1914ஆம் ஆண்டுப் பழைய பாலத்தின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தனுஷ்கோடிக்குப் போனால், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயச் சுவரையும் இரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்க்கும் பெரியவர்கள் அவர்களாகவே கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

பிள்ளைகள் நீரில் இறங்குவதற்கும் அதுவே நல்ல இடம். எங்கள் பக்கத்தில் ஆண்கடல், பெண்கடல் என்று பிரித்துச் சொல்வோம். தென்புறத்து மன்னார் வளைகுடா மே மாதத்தில் கொந்தளிக்கும். வடபுறத்துப் பாக் நீரிணை அப்போது குளம்போல் கிடக்கும். அக்னி தீர்த்தம் இந்த அமைதியான பக்கத்தில்தான் இருக்கிறது.

குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தடைக்காலம் அங்கும் அதேதான். கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராடினால் தரை முழுவதும் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவரைக் கையைப் பிடித்தே நடத்திப் போக வேண்டும். தனுஷ்கோடியில் தங்க முடியாது, மாலையில் வெளியேறிவிட வேண்டும், நிழல் என்பது பெயருக்கும் கிடையாது.

விடுதி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். போன ஆண்டு கைப்பேசிச் செயலி ஒன்றில் படங்களைப் பார்த்து மயங்கி, முழுப் பணத்தையும் கட்டி ஒரு விடுதியில் நான்கு அறைகள் எடுத்தேன். போய் இறங்கினால், படத்தில் இருந்த கட்டடம் வேறு, நாங்கள் நின்ற கட்டடம் வேறு. "அது எங்களுடைய இன்னொரு கிளை, இன்று நிரம்பிவிட்டது" என்றார் மேலாளர். மூன்றாம் மாடி, மின்தூக்கியின் கதவில் கயிறு கட்டியிருந்தது. என் மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே சொன்ன ஓட்டுநர் ஐயா "அது ஓடுகிறதா" என்று கேட்கச் சொன்னதைப் படித்தபோது, இந்த ஒரு வரியை ஓராண்டுக்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது. அன்றிலிருந்து முன்பணமாக ஓர் இரவு வாடகையை மட்டும் கட்டுகிறேன். அறையைப் பார்த்த பிறகே மீதி.

சம்பந்தி அம்மாவுக்கு இனிப்பு வேண்டுமென்றால் கீழக்கரைத் தொதல் வாங்கிக் கொடுங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துக் கிளறுவது. முட்டைப் பேச்சே இல்லை.

குமரிக்காரர் எழுதியது:

நாகர்கோவில் சொந்த ஊர், வேலை மதுரையில். கன்னியாகுமரியைக் கடைசி நாளில் வைத்திருப்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு முதலில் நல்ல செய்தி. எங்கள் மாவட்டத்தில் தடைக்காலம் இரண்டாகப் பிரியும். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேருவதால் அங்கு ஏப்ரல் 15இலேயே விசைப்படகுகள் நின்றுவிடும். ஆனால் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகள் மேற்குக் கடற்கரைக் கணக்கு; அங்கே தடை ஜூன் 1இல்தான் தொடங்கி ஜூலை 31இல் முடிகிறது. எனவே மே இரண்டாவது வாரத்தில் அந்தப் பக்கத்துப் படகுகள் கடலில் இருக்கும், பெரிய மீனும் கரைக்கு வரும். அவர் கேட்கும் வஞ்சிரத்துக்கு எங்கள் ஊரில் நெய்மீன் என்று பெயர். கன்னியாகுமரியில் சாப்பிட உட்காரும்போது குளச்சல் மீனா, முட்டம் மீனா என்று கேளுங்கள். கேட்கிறவர் விவரம் தெரிந்தவர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கிடைத்தால் சோறு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சைவம் சாப்பிடும் அம்மாவுக்காகவும் முழங்காலுக்காகவும் சேர்த்துச் சொல்வதானால், ஊருக்குச் சற்று வெளியே உள்ள விவேகானந்தபுரம் வளாகத்தில் அறை கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். பரந்த இடம், மரநிழல், உள்ளேயே சைவ உணவகம். மீன் வறுவல் வாடை அங்கே வராது. மீன் வேண்டியவர்கள் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். அரசின் ஓட்டல் தமிழ்நாடும் கடலைப் பார்த்தாற்போல் இருக்கிறது. விடுமுறைக் காலத்தில் இரண்டுக்கும் போட்டி அதிகம்.

மாலைச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மே மாதத்தில் சூரியன் வடக்கே ஒதுங்கி மறைவதால் முனையிலிருந்து பார்த்தால் நிலத்தின் பக்கமாகத்தான் இறங்கும். உதயம் கடலில் தெரியும், அதற்கு எழுப்புங்கள். பாறைக்குப் போகும் படகில் வரிசை நீளம். கடல் சரியில்லை என்றால் படகு நின்றுவிடும். முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்கு மட்டும் படகு விட்டு, வள்ளுவர் சிலைக்கு விடாத நாட்கள் பல. 2024 டிசம்பர் 30இல் இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு நடந்தே போகிறார்கள். ஆனால் பாறையிலும் படிகள் உண்டு. அம்மா கரையில் இருந்து பார்க்கட்டும். 133 அடிச் சிலை, கரையிலிருந்தும் கண் நிறையத் தெரியும்.

இனிச் சொல்லப் போவதைத் தயவுசெய்து வேனில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கடலில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. காற்றும் மழையும் இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து வந்து கரையைத் திடீரென்று ஏறி இழுக்கும். சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படி அலையில் சிக்கி இறந்தார்கள். நீச்சல் தெரியுமா என்பது அங்கே கேள்வியே அல்ல. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடும். அந்த நாட்களின் செய்தியைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கணுக்கால்கூட நனைய வேண்டாம். எச்சரிக்கை இல்லாத நாளிலும் கன்னியாகுமரி முனையில் பாறை அதிகம், அங்கே பிள்ளைகளை இறக்காதீர்கள்.

திருநகர்க்காரன் எழுதியது:

நால்வருக்கும் நன்றி. முத்துநகர் அக்காவும் ஓட்டுநர் அண்ணனும் சொன்னவற்றை வீட்டில் வாசித்தேன். நடுவில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. முடிவில் தூத்துக்குடியில் இரவு தங்குவதை விட்டுவிட்டு, அங்கே மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நிற்பது, திருச்செந்தூரில் இரண்டு இரவு, கன்னியாகுமரியில் ஓர் இரவு என்று மாற்றியிருக்கிறேன். இராமேசுவரம் தை மாதத்துக்கு என்று அப்பா தள்ளி வைத்துவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்: மணப்பாட்டில் பிள்ளைகள் நீரில் இறங்கலாமா? அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்?

முத்துநகர் மகள் எழுதியது:

தம்பி, மணப்பாட்டில் ஆறு கடலோடு சேருமிடத்தில் மணல்திட்டுக்கு உள்ளே தண்ணீர் தேங்கிக் கிடக்கும் பகுதி உண்டு. அங்கே முழங்கால் ஆழத்துக்குள் ஆடலாம், திறந்த கடலில் வேண்டாம். ஆழம் அவ்வப்போது மாறும். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களைக் கேட்காமல் இறங்காதீர்கள். மணற்குன்றின் மேல் நிற்கிற திருச்சிலுவை ஆலயம் 1581ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் போனால் காற்று நன்றாக இருக்கும்.

அது மீனவர் ஊர், உணவகங்களை நம்பிப் போகாதீர்கள். மதியச் சாப்பாட்டைத் திருச்செந்தூரில் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். போகிற வழியில் நுங்கும் பதநீரும் கிடைக்கும், மே மாதம் அதற்கு நல்ல பருவம். பனங்கிழங்கைத் தேடாதீர்கள், அது பொங்கலை ஒட்டி வருவது. உடன்குடிக் கருப்பட்டி வாங்குவதானால் விலை மலிவைப் பார்த்து ஏமாற வேண்டாம். சீனி கலந்து வார்த்ததும் அதே அச்சில்தான் வருகிறது. கடித்துப் பாருங்கள். நல்ல கருப்பட்டியில் இனிப்போடு இலேசாக உப்புச் சுவையும் இருக்கும். கலப்படத்தில் வெறும் சீனி இனிப்பு நாக்கில் நிற்கும்.

திருநகர்க்காரன் எழுதியது (பயணம் முடிந்த பின்):

போய் வந்துவிட்டோம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

திருச்செந்தூரில் இரண்டு இரவு தங்கியது சரியான முடிவு. செவ்வாய்க்கிழமை முருகனுக்கு உரிய நாள் என்பதை மறந்து அன்றைக்குப் போனது என் தவறு, கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆனால் அறை பக்கத்தில் இருந்ததால் காலை ஐந்தரைக்கே முடியிறக்கிவிட்டோம். தரைத்தள அறை கேட்டிருந்தோம், கொடுத்தார்கள். சமையலறைக்குப் பின்புறம் என்பதால் விடிகாலை நாலு மணிக்கே பாத்திரச் சத்தம். தரைத்தளம் கேட்பவர்கள் அது எந்தப் பக்கம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்குப் படுக்கை கேட்டபோது விடுதிக்காரர் வியப்பாகப் பார்த்தார், பிறகு மொட்டை மாடியில் கட்டிலும் மின்விசிறியும் கொடுத்தார்.

தூத்துக்குடியில் மதியச் சாப்பாட்டின்போது "இன்று காலையில் வந்தது எது?" என்று கேட்டேன். பரிமாறியவர் சிரித்துவிட்டு, "வஞ்சிரம் வேண்டாம், சாளை சாப்பிடுங்கள்" என்று அவராகவே சொன்னார். அப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். மதுரையில் சாளையைப் பூனைக்குப் போடுவார்கள் என்பது அவர் வாதம். வறுத்தது ஒரு தட்டு வந்தது, பிறகு இன்னொரு தட்டு, மூன்றாவதை அவரே கைகாட்டி வரவழைத்தார். தேங்காய் அரைத்த குழம்பை மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

கன்னியாகுமரியில் நாங்கள் இருந்த அன்று கடல் சீற்றமாக இருக்கிறது என்று காலையில் படகை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் அழுதார்கள். குமரிக்காரர் எழுதியிருந்ததை வேனிலேயே வாசித்துக் காட்டியிருந்ததால் வற்புறுத்தவில்லை. கரைச் சுவரில் உட்கார்ந்து மட்டிப்பழம் தின்றுகொண்டே அலையைப் பார்த்தோம். படிக்கட்டின் கடைசி இரண்டு படிகளை அலை ஏறி மூடிவிட்டு இறங்கியதைப் பார்த்த பிறகு என் மகன் தானாகவே நான்கு படி மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டான். அன்று மதியம் நெய்மீன் கிடைத்தது. குளச்சல் மீன் என்றார்கள். அப்பா ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் சாளை..." என்று இழுத்தார்.

சம்பந்தி அம்மாவுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. மக்ரூனை வாங்கும்போதே தனிப் பையில் கட்டி, வேனின் பின்பக்கம் பெட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கோவில்பட்டியைத் தாண்டியதும் அவர் என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைத் தம்பி, அந்த வெள்ளைப் பலகாரத்தில் முட்டை உண்டு என்று எனக்குத் தெரியும், அதற்காக இப்படி ஒளித்து வைத்து நொறுக்காதீர்கள்" என்றார். பெட்டியை நகர்த்திப் பார்த்தபோது முக்கால்வாசி தூளாகிவிட்டிருந்தது. தூளைப் பிள்ளைகள் கரண்டியால் அள்ளித் தின்றார்கள்.